பில்லக்காவின் மேஜை

அட்டைப்பெட்டிப் பட்டறை நடத்துகிறவர்களுக்குத் தொண்டை பெரிதாகத்தான் இருக்கும். ஒரு பக்கம் அட்டையில் மடிப்புக்கோடு போடும் மெஷின், இன்னொரு பக்கம் டக் டக்கென்று கம்பிப்பின் அடிக்கும் மெஷின், தலைக்கு மேலே தகரக் கூரை. இதற்கு நடுவே மெல்லப் பேசினால் பிழைப்பு நடக்காது. ஆனால் நம் பெட்டிக்காரருக்கு அந்தத் தொண்டையை வீட்டுக்கு வந்தால் இறக்கி வைக்கத் தெரியாது. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாரென்றால் பக்கத்து வீட்டிலும் யாராவது எழுந்து நிற்பார்கள்.

அவர் மனைவி நேர் எதிர். உரத்துப் பேச வேண்டிய ஒரே இடத்தில் மட்டும் உரத்துப் பேசுவார். பட்டறையின் மூலையில் பிளைவுட் தடுப்பு ஒன்று உண்டு. அதில் ஒரு கையகல ஜன்னல், அதன் பின்னால் ஒரு மேஜை. கல்யாணமான புதிதில், "ரெண்டு நாளைக்கு வந்து பில்லு மட்டும் எழுதிக் குடு, ஆள் பார்த்துடறேன்" என்று பெட்டிக்காரர் கூப்பிட்டு உட்கார வைத்த மேஜை அது. ஆள் பார்க்கும் பேச்சு அதற்கப்புறம் எழவே இல்லை. லோடு ஏற்ற வரும் டிரைவர்கள் பில்லக்கா என்று கூப்பிடத் தொடங்கி, பிறகு சொந்தக்காரர்களே கல்யாண வீடுகளில் "பில்லக்கா வந்தாச்சா?" என்று விசாரிக்கும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தப் பட்டறைக்கென்று ஒரு பழக்கம் உண்டு. லோடு தயாரானதும் பெட்டிக்காரர் மெஷின் பக்கத்தில் நின்றபடியே கத்துவார்: "நீளம் பதினெட்டு, அகலம் பன்னிரண்டு, உயரம் பத்து! அஞ்சு பிளை! ஐந்நூறு! சோப்பு!" பிளை என்றால் அட்டையின் அடுக்கு, சோப்பு என்றால் சோப்புக் கம்பெனிக்குப் போகும் பெட்டி என்று அர்த்தம். ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பில்லக்கா அத்தனையையும் ஒரு எழுத்து பிசகாமல் திருப்பிக் கத்துவார். கத்திய பிறகுதான் எழுதுவார். அது காதில் விழுந்தால்தான் வண்டி நகரும்.

இது சும்மா வந்த பழக்கமில்லை. அவர்களுடைய முதல் வாடிக்கை ஒரு மெழுகுவத்திக் கம்பெனி. முதல் லோடிலேயே உயரத்தை ஒரு அங்குலம் குறைத்து வெட்டிவிட்டார் பெட்டிக்காரர். ஒரு மெழுகுவத்தியும் உள்ளே நிற்கவில்லை, லோடு மொத்தமும் திரும்பி வந்தது. அன்றைக்கு அவர் அட்டைக் குவியல்மேல் உட்கார்ந்து தலையில் கைவைத்துக்கொண்டபோது, "இனிமே நீங்க சொல்லுங்க, நான் திருப்பிச் சொல்றேன், அப்புறமா பில்லு" என்று வழி சொன்னவர் பில்லக்காதான். அதற்குப் பிறகு அளவு தப்பிப்போய் ஒரு பெட்டியும் திரும்பவில்லை. பெட்டிக்காரர் இந்தக் கதையைக் கேட்காதவர்களுக்கும் சொல்வார், ஏற்கெனவே கேட்டவர்களுக்கும் சொல்வார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் வரி ஆபீஸ் புது உத்தரவு போட்டது. சின்ன வியாபாரிகளும் இனிமேல் கையால் பில் எழுதக்கூடாது. கம்ப்யூட்டரில் போட வேண்டும். போட்ட நொடியில் அது வரி ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து ஒரு பதிவு எண்ணும் புள்ளி புள்ளியாக ஒரு சதுரமும் வாங்கிக்கொண்டு வரும். அந்தச் சதுரம் இல்லாத காகிதம் பில்லே இல்லை. சோப்புக் கம்பெனியும் உடனே கறாராகச் சொல்லிவிட்டது, ஆன்லைன் பில் போடாதவர்களிடம் பெட்டி வாங்குவதில்லையென்று. பட்டறையில் பாதி வேலை சோப்புக் கம்பெனியை நம்பி நடந்துகொண்டிருந்தது.

பெட்டிக்காரருக்குக் கம்ப்யூட்டர் என்றாலே ஆகாது. ஆறடி அகல மெஷினில் கையை விட்டு அட்டையை இழுக்கிற மனிதர், கீபோர்டைக் கண்டால் இரண்டடி தள்ளி நிற்பார். ஃபோனுக்கு வரும் மெசேஜ்களைத் திறந்து பார்க்கும் பழக்கமும் கிடையாது. அதனால் பதிவு செய்ய வந்த ஆடிட்டரம்மாவிடம், "எல்லாத்தையும் அவ பேர்லயே போட்டுடுங்க மேடம், அவ நம்பரு, அவ மெயிலு. என்னைய மட்டும் விட்டுடுங்க" என்று கும்பிடாத குறையாகச் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் ஓடிப்போனார்.

பில்லக்கா பயப்படவில்லை. ஆடிட்டரம்மா வந்து உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஒரு வாரத்தில் பில்லக்கா தனியாகவே போட ஆரம்பித்துவிட்டார். முதல் சதுரம் பிரிண்டரில் வந்த அன்றைக்குப் பெட்டிக்காரர் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு தெரு முழுக்கச் சுற்றினார். பக்கத்துப் பட்டறைக்காரர் இன்னும் ஆள் தேடிக்கொண்டிருந்தார். "ஆளா? எங்கிட்ட வீட்டுலயே இருக்கு" என்று இவர் மார்தட்டிக்கொண்டதை அந்த மனிதர் ரொம்ப நாளைக்கு மறக்கவில்லை.

ஒரு வருஷத்துக்குமேல் எல்லாம் நன்றாகத்தான் போனது. அப்புறம் சோப்புக் கம்பெனியிலிருந்து ஒரு ஃபோன் வந்தது. ஒரே லோடுக்கு இரண்டு பில் வந்திருக்கிறது, இரண்டும் வரி ஆபீஸில் பதிவாகியிருக்கிறது, என்ன சமாசாரம் என்று கேட்டார்கள். காகித பில்லாக இருந்தால் கிழித்துப் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. இது அப்படியில்லை. ஒரு நாளுக்குள் ரத்து செய்ய வேண்டும், தவறினால் அதைச் சரிக்கட்ட வேறொரு காகிதம், அதற்கு விளக்கம், அந்த விளக்கத்துக்கு ஆடிட்டர். அடுத்த மாதமும் அப்படியே ஆனது. அதற்கடுத்து ஐந்நூறு பெட்டிக்கான பில் சோப்புக் கம்பெனிக்குப் போவதற்குப் பதிலாக ஒரு செருப்புக்கடைக்குப் போய்விட்டது.

பெட்டிக்காரர் சாமியாடினார், பில்லக்காவிடம் இல்லை, நெட் கனெக்‌ஷன் கொடுத்தவனிடம். அவனை மாற்றினார். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஃபோன் போட்டு அங்கே எடுத்த பெண்ணை அழ வைத்தார். கம்ப்யூட்டரையே மாற்றினார். ஆடிட்டரம்மா ஒருநாள் நேரில் வந்து, தயங்கித் தயங்கி, "அண்ணே, சிஸ்டம் தானா ரெண்டாவது பில்லு போடாதுண்ணே. யாராவது அழுத்தினாத்தான் போகும்" என்றார்.

"யாராவதுன்னா? அந்த மேஜையில உட்கார்றது ஒரே ஆளு. அவ தப்பு பண்ணுவாங்கறீங்களா? நான் கத்துறதை இன்னைக்கும் ஒரு எழுத்து விடாம திருப்பிச் சொல்றா மேடம். நின்னு கேட்டுப் பாருங்க!"

ஆடிட்டரம்மா நின்று கேட்டார். பெட்டிக்காரர் கத்தினார், ஜன்னலுக்குப் பின்னாலிருந்து அத்தனையும் அச்சு அசலாகத் திரும்பி வந்தது. "பார்த்தீங்களா?" என்றார் பெட்டிக்காரர். அந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பில்லக்கா மட்டும் அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போகும்போது மெல்லப் பேச்சை எடுத்தார்.

"என்னங்க, அந்தப் பில்லை நானே ரெண்டு தடவை போட்டிருப்பேனோ? எனக்கு ஞாபகமே வரலை."

"உனக்கா? உனக்கே ஞாபகம் இல்லைன்னா இந்தத் தெருவுல யாருக்கும் கிடையாது. மெஷினுக்குத்தான் மூளை குழம்பிப் போச்சு."

"இல்லைங்க, நான் சொல்ல வர்றது..."

"நீ சும்மா இரும்மா. உன்மேல ஒருத்தி பழி போடுவா, நான் கேட்டுக்கிட்டு நிப்பேனா?"

இன்னும் இரண்டு மூன்று தடவை அந்தப் பேச்சைப் பில்லக்கா எடுத்தார். ஒருமுறை சாப்பாட்டுக்கு நடுவில், ஒருமுறை துணி மடித்துக்கொண்டிருந்தபோது. ஒவ்வொரு தடவையும் பெட்டிக்காரர் மனைவியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். ஒரே ஒரு தடவை அவர் கோபப்பட்டு, "எப்படி மறக்கும்?" என்று கேட்டிருந்தால்கூட அந்த அம்மாள் மனதில் இருந்ததைக் கொட்டியிருப்பார். இந்த மனிதர் புகழ்ந்து புகழ்ந்தே அவர் வாயை அடைத்துவிட்டார். அன்பில் இப்படியும் ஒரு செவிட்டுத்தனம் இருக்கிறது, கேட்டால் எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. ஆனால் யாரைத் திட்டுவது?

விஷயம் வெளியே வந்தது ஒரு காலை வேளையில். அன்று மின்சாரம் இல்லை. மெஷின் எதுவும் ஓடவில்லை, கம்ப்யூட்டர் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. பெட்டிக்காரர் வெளியே வாசலில் அட்டை ரீல் இறக்க ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். பட்டறை அப்படி அமைதியாக இருந்ததால்தான் உள்ளேயிருந்து வந்த விசும்பல் அவர் காதில் விழுந்தது.

போய்ப் பார்த்தால் பில்லக்கா திரைக்கு முன்னால் உட்கார்ந்து ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்திக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் சிவப்பு எழுத்தில் ஒரு வரி வந்து நின்றது. கண்ணீர் மோவாய்வரை வழிந்திருந்தது, துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

"எடுக்க மாட்டேங்குதுங்க. காலையில இருந்து போடறேன். வண்டி நிக்குது, டிரைவர் திட்டுவான்."

"எந்த வண்டிம்மா? இன்னைக்கு லோடே இல்லையே."

"என்னங்க நீங்க? இப்பத்தானே கத்தினீங்க. நீளம் பதினாலு, அகலம் ஒம்பது, உயரம் எட்டு. மூணு பிளை. இருநூறு. மெழுகுவத்தி."

பெட்டிக்காரர் திரையைக் குனிந்து பார்த்தார். மெழுகுவத்திக் கம்பெனியை மூடி எத்தனையோ வருஷமாகிவிட்டது. அதன் முதலாளி செத்துப்போய், அந்த மனிதரின் சாவுக்கு இவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போய் வந்தார்கள். அந்தக் கம்பெனியின் பதிவையே ரத்து செய்தாயிற்று, அதனால்தான் சிவப்பு வரி. அளவும் சரியான அளவுதான். அவர் வாழ்க்கையில் முதன்முதலாகப் பிடித்த ஆர்டரின் அளவு, அவருக்கே மறந்துபோயிருந்தது.

திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை. நெட்காரன் இல்லை, சாஃப்ட்வேர் கம்பெனி இல்லை. அவர் கையை நீட்டி மனைவியின் விரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். அந்த விரல் ஜில்லென்று இருந்தது. "டிரைவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன், வா, வீட்டுக்குப் போலாம்" என்றார். அன்றைக்கு அவர் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்குக்கூடக் கேட்கவில்லை.

டாக்டர் நிதானமானவர். கிழமை கேட்டார், பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒரே மகள், வெளியூரில் இருக்கிறாள் என்று பில்லக்கா சரியாகச் சொன்னார். அப்புறம் டாக்டர், "நான் சில வார்த்தை சொல்றேன், திருப்பிச் சொல்லுங்க. சாவி, மரம், சட்டை" என்றார்.

"சாவி, மரம், சட்டை" என்றார் பில்லக்கா, சொன்ன வாய் மூடுவதற்குள். கணவர் பக்கம் திரும்பி ஒரு பார்வை வேறு பார்த்தார், வகுப்பில் முதலில் கை தூக்கிய பிள்ளையைப் போல.

பிறகு டாக்டர் வேறென்னவோ பேசினார். சாப்பாடு, தூக்கம், முட்டிவலி. பேச்சுக்கு நடுவில், "நான் முதல்ல சொன்ன வார்த்தைங்க என்னம்மா?" என்று கேட்டார்.

"எந்த வார்த்தை?" என்றார் பில்லக்கா.

அந்த இடத்தில்தான் பெட்டிக்காரருக்கு எல்லாம் விளங்கியது. அவர் கத்துவார், அடுத்த மூச்சில் அவள் திருப்பிக் கத்துவாள். நடுவில் மறப்பதற்கு நேரமே இல்லை. அந்தப் பழக்கத்தைச் சாட்சியாக வைத்துக்கொண்டுதான் அவர் ஊரோடு சண்டை போட்டார். அவள் அங்கே உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துகொண்டிருந்தபோது, அது வெளியே தெரியாமல் தினமும் இவரே மூடி மறைத்திருக்கிறார். முதலில் உண்மையைச் சொன்னது அந்தக் கம்ப்யூட்டர்தான். அதைத்தான் அவர் தூக்கியெறிந்துவிட்டுப் புதிது வாங்கினார். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் அழுதார். மனைவி, "முட்டிவலிக்கு மாத்திரை குடுத்திருக்காங்க, இதுக்குப் போயி அழுவாங்களா?" என்று முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

மகள் ஃபோனில் அழுதாள், லீவு போட்டுக்கொண்டு வந்து இருந்துவிட்டுப் போனாள். பெட்டிக்காரர் வீட்டிலேயே இருக்கச் சொன்னால் பில்லக்கா கேட்கவில்லை. விடிந்ததும் தலை வாரிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். மேஜையில் உட்கார்ந்துவிட்டால் முகம் தெளிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு எழுந்திரு என்று சொல்ல எந்த மனிதனுக்கு வாய் வரும்? ஆடிட்டரம்மா தன் ஆபீஸிலிருந்தே பில் போட்டுத் தருவதாக ஏற்பாடு செய்தார். பில்லக்கா சும்மா உட்கார்ந்திருக்கட்டும் என்று விட்டுவைத்தார்கள். ஆனால் பில்லக்காவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. எத்தனையோ மறந்துபோனாலும் பாஸ்வேர்டு மட்டும் மறக்கவில்லை, அது விரலில் இருந்தது. பெட்டிக்காரர் வங்கிக்குப் போயிருந்த சமயம் பார்த்து, போகாத லோடுகளுக்கு சோப்புக் கம்பெனி பேரில் வரிசையாக பில் போட்டார். ஒரு நாள் கழிந்த பிறகுதான் அது தெரிந்தது.

சோப்புக் கம்பெனி மேனேஜர் நேரில் வந்தார். நல்ல மனிதர், உட்காரக்கூட இல்லை. "உங்களால எனக்கும் வரி ஆபீஸ்ல கேள்வி வருது. இன்னொரு தப்பு பில்லு வந்தா பெட்டியை வேற இடத்துல வாங்கச் சொல்லிட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்லை" என்றார். அந்த வேலை போனால் பட்டறை போகும். பட்டறை போனால் இனி வரப்போகும் வைத்தியச் செலவுக்கு எங்கே போவது? பெட்டிக்காரருக்கு அது புரியாமல் இல்லை.

"அக்கா பேரை எடுத்துடணும்ணே. வேற வழி இல்லை" என்றார் ஆடிட்டரம்மா. "உங்க பேர்ல மாத்திடலாம். ஆனா எல்லாம் அவங்க நம்பர்ல இருக்கு. அவங்க ஃபோனுக்கு ஒரு நம்பர் வரும், அதைப் போட்டாத்தான் எடுக்க முடியும். நான் வேணா ஃபோனை வாங்கி அவங்களுக்குத் தெரியாம..."

"வேண்டாம் மேடம். அவளுக்குத் தெரியாம எதுவும் பண்ண வேண்டாம். நானே கேட்டுக்கிறேன், நானே போடறேன்."

மறுநாள் ஆடிட்டரம்மா திரையைத் திறந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பெட்டிக்காரர் மனைவியின் நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவர் உட்காருவது அதுதான் முதல் தடவை. பில்லக்கா பக்கத்தில் ஒரு ஸ்டூலில் இருந்தார். ஃபோன் கிணுங்கியது.

"அதுல ஒரு நம்பர் வந்திருக்கும்மா, படி."

பில்லக்கா மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டினார். "எதுக்குங்க இது?"

பெட்டிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு உண்மையைச் சொன்னார். "இனிமே பில்லு நான் போடறேன்மா. உன் பேரை எடுக்கறதுக்குத்தான் அந்த நம்பரு."

பில்லக்காவின் முகம் அப்படியே வாடிப்போனது. ஃபோனை மடியில் வைத்துக்கொண்டார். வெளியே பின் அடிக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"அவ்வளவு தப்பா பண்ணிட்டேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலை. உடம்பு சரியில்லை, அவ்வளவுதான்."

"நான் சொன்னேன்ல உங்ககிட்ட? எனக்கு ஞாபகம் வரலைன்னு. சொன்னேன்தானே?"

"சொன்னே. நான்தான் கேட்கலை."

பில்லக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு ஃபோனை எடுத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார், நடுவில் குரல் உடைந்தபோதும் நிறுத்தவில்லை. பெட்டிக்காரர் ஒற்றை விரலால் தட்டினார். கண்ணை நீர் மறைத்தது, ஒரு எண் தப்பிப்போய் அழித்து மறுபடி தட்டினார். கடைசியில் பொத்தானை அழுத்தினால் சிவப்பில் வரி வந்தது.

"நேரம் முடிஞ்சுடுச்சுண்ணே" என்றார் ஆடிட்டரம்மா, தரையைப் பார்த்துக்கொண்டு. "புது நம்பர் வரும். இன்னொரு தடவை கேட்கணும்."

வருவதற்குக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. அதற்குள் பில்லக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வழியாக லோடு ஏற்றுவதை வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருந்தார். ஃபோன் கிணுங்கியதும் திரும்பினார். முகத்தில் வருத்தத்தின் சுவடே இல்லை.

"என்னமோ நம்பர் வந்திருக்குங்க. எதுக்குங்க இது?"

பெட்டிக்காரர் ஆடிட்டரம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பெட்டிக்காரர் மனைவியிடம் அதுவரை சொன்ன பொய்கள் எல்லாம் சிகரெட்டைப் பற்றியவை, அதையும் அவள் முகர்ந்தே கண்டுபிடித்துவிடுவாள்.

"சும்மாதாம்மா. உன்னைக் கேட்காம எனக்கு இதுல எதுவும் ஓட மாட்டேங்குது. படி."

"அதானே, நான் இல்லாம உங்களுக்கு என்ன ஓடும்?" பில்லக்கா நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எண்களை ஒவ்வொன்றாக, கணீரென்று படித்தார். பெட்டிக்காரர் இந்தத் தடவை ஒரு எண்ணும் தப்பாமல் தட்டினார்.

"சரியா சொன்னேனா?"

"சரியா சொன்னேம்மா" என்று சொல்லிவிட்டு, பெட்டிக்காரர் பொத்தானை அழுத்தினார்.